உடம்பு வணங்காதவர்கள் யார்?

(மே நாளையொட்டி நடந்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கூடுதல் வேலை நேரமும் உற்பத்தித் திறனும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஏதோ நிர்வாகவியல் வகுப்பில் நடத்த வேண்டிய பாடம் போலத் தெரிகிறது. சாதி ஒழிப்பு மேடையில் இதற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆய்வுக்குள் வந்த முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலை நேரத்தை ஒரு கோப்பிலும் சாதியை இன்னொரு கோப்பிலும் வைத்திருந்தேன். என் அக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் இரண்டையும் முடிச்சுப் போட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் கீழத்தஞ்சையில் இருக்கிறது. 2007இல் அக்கா பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு ஏஜென்ட் வேன் கொண்டு வந்தார். மேற்கே ஒரு நூற்பாலை. மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார். 'சுமங்கலித் திட்டம்' என்று பிறகு எல்லோரும் பேசினோமே, அதுதான். எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஐந்து பெண்கள் அந்த வேனில் ஏறினார்கள். ஊர்த்தெருவிலிருந்து ஒருவரும் ஏறவில்லை.

அக்காவுக்கு ரிங் ஃபிரேமில் சைடர் வேலை. நூற்பாலைக்குள் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான இயந்திரத்தின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது இழை அறுந்தால் ஓடிப்போய்ப் பிடித்து ஒட்ட வேண்டும். மில்லில் 'பீசிங்' என்பார்கள். ஒட்டும் வரை அந்தக் கதிருக்கு வரும் பஞ்சை ஒரு குழாய் உறிஞ்சி, இயந்திரத்தின் ஓரத்தில் இருக்கும் பெட்டிக்குள் தள்ளிவிடும். ஆகவே ஒரு சைடர் எப்படி வேலை பார்க்கிறாள் என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி. பெட்டி சீக்கிரம் நிறைந்தால் அவள் தாமதிக்கிறாள் என்று பொருள்.

எட்டு மணிநேர ஷிப்ட் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். அதோடு நான்கு மணிநேரம் 'ஓடி' சேர்ந்து, பெரும்பாலான நாட்கள் பன்னிரண்டு ஆனது. இரவு ஷிப்டைப் பற்றி அக்கா சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "மூணு மணி வரைக்கும் ஓடிருவேன்டா தம்பி. அதுக்கு மேல கண்ணுக்கு முன்னாடி இழை அறுந்து கெடக்கும், தெரியும், ஆனா கை போவாது. பொட்டி மட்டும் நெறைஞ்சுக்கிட்டே இருக்கும்."

காலையில் சூப்பர்வைசர் வந்து பெட்டியைப் பார்ப்பார். அவர் உள்ளூர்க்காரர், ஆண், வேறு சாதி. அவர் சொன்னதாக அக்கா சொன்ன வார்த்தைதான் என்னை உலுக்கியது. "உங்க காலனிப் பொண்ணுங்களுக்கே உடம்பு வணங்காது."

மூன்று ஆண்டு முடிய நான்கு மாதம் இருக்கும்போது, வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மொத்தத் தொகை கிடைக்கவில்லை. அக்கா அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பணம் போனதைவிட அந்த 'லாயக்கில்லை'தான் அவளுக்குப் பெரிதாக இருக்கிறது. பல நாள் கழித்து என்னிடம் கேட்டாள்: "நெசமாவே எனக்கு உடம்பு வணங்கலையாடா?"

இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. அதை அக்காவுக்குச் சொல்லத்தான் ஆளில்லாமல் போனது.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் இயங்கின. வேலை செய்தவர்களில் பெரும் பகுதி பெண்கள். போர்முனைக்குக் குண்டு போதவில்லை. ஆகவே இவர்களை எவ்வளவு நேரம் வேலை வாங்கினால் அதிகம் கிடைக்கும் என்று பார்க்க அரசே ஒரு குழு போட்டது. தொழிலாளர் மீது இரக்கப்பட்டுப் போட்ட குழு அல்ல. அக்குழுவின் ஆய்வாளர்கள் வாரா வாரம் எழுதி வைத்த கணக்கை, ஜான் பென்கவெல் என்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் 2014இல் மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரம் 49 மணிநேரம் வரை, நேரம் கூடக்கூட அதே அளவுக்கு உற்பத்தியும் கூடியது. அதற்கு மேல் கூடுதல் மணிநேரத்துக்குக் கிடைத்தது குறைந்துகொண்டே போனது. 70 மணிநேரம் வேலை செய்த வாரத்தில் கிடைத்ததற்கும் 56 மணிநேரம் வேலை செய்த வாரத்தில் கிடைத்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதினான்கு மணிநேரம் அந்தப் பெண்கள் இயந்திரத்தின் முன் நின்றது ஏறக்குறைய வீண். ஞாயிறு ஓய்வைப் பறித்ததும் உற்பத்தியைக் கெடுத்தது.

இன்னும் பழைய கதை ஒன்று. ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் என்ற கண்ணாடி வில்லைத் தொழிற்சாலை. அதை நடத்திய எர்ன்ஸ்ட் அபே ஓர் இயற்பியலாளர். எதையும் அளந்து பார்க்கிற ஆள். 1900இல் வேலை நாளை ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தார். அதே தொழிலாளர்கள், முந்தைய ஆண்டு எவ்வளவு செய்தார்கள், குறைத்த பிறகு எவ்வளவு என்று ஒப்பிட்டார். மொத்த உற்பத்தி குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது.

பிரிட்டிஷ் பெண்ணின் கை 60ஆவது மணிநேரத்தில் தளர்ந்தபோது அதற்குக் 'களைப்பு' என்று பெயர் வைத்தார்கள். களைப்பு என்றால் அளக்கலாம், மருந்து தேடலாம், நேரத்தைக் குறைக்கலாம். கீழத்தஞ்சைப் பெண்ணின் கை தளர்ந்தபோது 'உடம்பு வணங்காது' என்றார்கள். அதற்கு மருந்து கிடையாது, அது பிறப்பிலேயே வந்தது. நடந்தது ஒன்றுதான், வைத்த பெயர்தான் வேறு. நான் இன்று சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

இந்தப் பெயர் வைக்கும் வேலையை அந்தச் சூப்பர்வைசர் கண்டுபிடிக்கவில்லை. பம்பாய் ஆலைகளுக்கு மின்விளக்கு வந்ததும் இருட்டினாலும் வேலை நிற்காது என்றானது; வேலை நாள் பதினான்கு மணிநேரத்தையும் தாண்டியது. 1907இல் அரசு தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் ஒன்றை அமைத்தது. 1908இல் அறிக்கை வந்தது. நேரம் அளவுக்கு மீறியிருக்கிறது என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆனால் வளர்ந்த ஆணின் வேலை நேரத்தைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தக் கூடாது என்றது பெரும்பான்மை. அந்தக் காலத்து விவாதங்களைப் படித்தால் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வரும். இந்தியத் தொழிலாளி வேலைக்கு நடுவே வெளியே போய் உலாத்துகிறவன், பீடி பிடிக்கிறவன், ஒழுங்காக ஒரே மூச்சில் வேலை பார்க்கும் பழக்கம் இல்லாதவன். ஆகவே நீண்ட நேரம் அவனை ஒன்றும் செய்யாது. பதினான்கு மணிநேரம் நிறுத்தி வைத்தால் உலாத்தாமல் என்ன செய்வான் என்று கேட்க ஆளில்லை.

கேட்ட ஒருவர் நம் ஊர்க்காரர். ஆணையத்தின் உறுப்பினராக இருந்த டாக்டர் டி.எம். நாயர். பின்னாளில் நீதிக்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர், படிப்பால் மருத்துவர். பெரும்பான்மையோடு முரண்பட்டுத் தனிக் குறிப்பு எழுதினார். வயது வந்த ஆணின் வேலை நேரத்துக்கும் சட்டத்தில் வரம்பு வேண்டும் என்றார். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில், நெசவு, நூற்பு ஆலைகளில் வேலை செய்யும் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணிநேரம் என்ற வரம்பு வந்தது. நீதிக்கட்சியைப் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் தனித்து விடப்பட்டபோது அக்கட்சியின் தலைவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் மறக்கத் தேவையில்லை. அதற்குள் நாயர் இறந்துவிட்டார். அவர் எழுதிய இந்தக் குறிப்பு மட்டும் திராவிட இயக்க மேடைகளில்கூட அதிகம் பேசப்படுவதில்லை.

பிறகு 1919. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியதுதான். நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணிநேரம். ஆனால் அதே உடன்படிக்கையில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு என்று தனி உறுப்பு இருக்கிறது: வாரம் 60 மணிநேரம். ஒரே காகிதத்தில் இரண்டு உடம்பு! ஐரோப்பியத் தொழிலாளிக்கு 48இல் களைப்பு வரும், நமக்கு 60 வரை வராது. அந்த 60, இந்தியச் சட்டத்தில் 1922இல் வந்து, 1934இல் 54 ஆனது. 1946இல் 48 ஆனது.

இந்தக் கடைசித் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று இந்த அரங்கில் சொல்லத் தேவையில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர். ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு மே நாளிலும் நம் தோழர்கள் '14 மணிநேரத்தை 8 மணிநேரமாக்கிய அம்பேத்கர்' என்று சுவரொட்டி போடுகிறோம். 1934 சட்டப்படி நாளுக்கு பத்து, வாரத்துக்கு 54. அவர் கொண்டுவந்த திருத்தம் அதை ஒன்பது, 48 என்றாக்கியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் அதுவே நிலைத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. சுவரொட்டியில் உள்ளதைவிட இது சிறியதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. 1919இல் வெள்ளைத் தொழிலாளியின் உடம்புக்கு என்று எழுதிய எண்ணை, 27 ஆண்டு கழித்து இந்தியத் தொழிலாளியின் உடம்புக்கும் எழுத வைத்தவர் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். கூட்டிச் சொல்லத் தேவையில்லாத செய்தி இது. எதிரிகள் சரிபார்ப்பார்கள், நாம் சரியாகவே சொல்வோம்.

அவருக்குத் தொழிலாளர் வர்க்கம் என்ற ஒற்றைச் சொல்லின் மேல் மயக்கம் இருந்ததில்லை. பம்பாய் ஆலைகளில் தலித்துகளை நெசவுப் பிரிவில் விடமாட்டார்கள். நாடாவில் நூல் மாற்றும்போது வாயால் உறிஞ்ச வேண்டும். தலித் வாய் வைத்த நாடாவை மற்றவன் தொடமாட்டான். கூலி அதிகமான பிரிவு அதுதான். சங்கங்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1938இல் மன்மாடில் ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்களிடம் பேசும்போது, பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் எதிரி என்று அவர் சொன்னதற்குப் பின்னால் இந்த நாடா இருக்கிறது. 48 மணிநேரம் எல்லோருக்கும் ஒன்றுதான், அந்த 48 மணிநேரத்தை எந்தப் பிரிவில் கழிப்பது என்பதைச் சாதி முடிவு செய்தது. அக்கா வேலை செய்த ஆலையிலும் ரிங் ஃபிரேமில் நின்றவர்கள் யார், பெட்டியை எட்டிப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் போதும்.

சரி, நீண்ட நேரம் வேலை வாங்கினால் திறன் குறைகிறது என்பது முதலாளிக்குத் தெரியாதா? தெரியும். நம்மைவிட நன்றாகத் தெரியும். பிறகு ஏன்?

இதை மில் கணக்கில் பார்ப்போம். ஆலை 24 மணிநேரமும் ஓடும். எட்டு மணிநேர ஷிப்ட் என்றால் ஓர் இடத்துக்கு நாளுக்கு மூன்று பேர் வேண்டும். பன்னிரண்டு என்றால் இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆளுக்கான படுக்கை இல்லை, பிஎஃப் இல்லை, ஈஎஸ்ஐ இல்லை, வேலை பழக்கும் செலவு இல்லை, ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை. 'ஓடி'க்குச் சட்டப்படி இரட்டைக் கூலி கொடுத்தால் இந்தக் கணக்கு இடிக்கும், அதனால்தான் கொடுப்பதில்லை. இன்னொன்று, கதிரின் வேகம் அக்காவின் களைப்பைப் பார்த்துக் குறைவதில்லை. அவள் தளர்ந்தால் அது பெட்டியில் பஞ்சாக விழும். அந்தப் பஞ்சு மறுபடி புளோ ரூமுக்குப் போய்க் கலவையில் சேர்ந்துவிடும், ஆலைக்குப் பெரிய நட்டம் இல்லை. திறன் குறைவதன் மீதிச் செலவு முழுவதும் அவள் உடம்பில் எழுதப்படுகிறது. வாரம் 55 மணிநேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணிநேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் சாகும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. மில் கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பத்தி கிடையாது.

உடம்பின் செலவைக் கணக்கில் எழுதாமல் விடும் பழக்கம் ஆலைகளுக்கு முன்பே எங்கள் ஊரில் இருந்தது. என் தாத்தா பண்ணையாள். விடிவெள்ளி முளைக்கும்போது களத்தில் நிற்க வேண்டும். எப்போது வீடு திரும்பலாம் என்பது அவர் கையில் இல்லை. நேரத்துக்கு வந்து நிற்காவிட்டால் சாட்டையடி, சாணிப்பால். 1940களில் செங்கொடியின் கீழ் திரண்டு அதை நிறுத்தினார்கள். வேலை நேரம் என்ற சொல்லுக்கே பண்ணையில் பொருள் இல்லை, ஏனென்றால் ஆளே பண்ணைக்குச் சொந்தம். அவன் நேரம் தனியாக எங்கே இருக்கிறது? எட்டு மணிநேரக் கோரிக்கையை நான் அதனால்தான் வெறும் கூலிப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. மீதி பதினாறு மணிநேரம் இவனுக்கு உரியது, இவளுக்கு உரியது என்று மறுபக்கம் இருப்பவனை ஒப்புக்கொள்ள வைப்பது அது. சாதி ஒப்புக்கொள்ளாத விஷயமும் அதுவே.

இங்கே நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். 'எங்க ஆளுங்க மாடா உழைப்பாங்க' என்று நாமே பெருமையாகச் சொல்கிறோம். என் தாத்தாவைப் பற்றி ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பாராட்டை முதலில் சொன்னது மிராசுதார். மாடாய் உழைத்தவர் ஓடாய்த் தேய்ந்ததும் அவரே 'கிழட்டுப்பய, சோம்பேறி' என்றும் சொன்னார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது என்னிடம் நம்மவர்களே சொன்னார்கள்: "தம்பி, அவங்க ஒரு பங்கு உழைச்சா நாம ரெண்டு பங்கு உழைக்கணும்." அன்பில் சொன்னதுதான், நானும் நம்பினேன். இரவு மூன்று மணி வரை உட்கார்ந்து எழுதிய அத்தியாயத்தை மறுநாள் படித்தால் ஒரே பத்தி இரண்டு இடத்தில் இருந்தது. அக்காவின் பெட்டி ஞாபகம் வந்தது. ஒரு பங்கு உழைத்தாலே மதிப்புக் கிடைக்க வேண்டும் என்று கேட்க எனக்கு நெடுநாள் ஆனது.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல்&டி தலைவர் சுப்பிரமணியன் 90 என்றார்; ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். சமூக ஊடகங்களில் நாடே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் ஒரு குறை. மென்பொருள் இளைஞருக்கு 70 மணிநேரம் என்றதும் அதிர்ச்சி வருகிறது. அந்த அலுவலகத்தின் வாசலில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டில் நிற்கும் வாட்ச்மேன், வாரத்தில் ஆறு நாள் என்று வைத்தாலும், 72 மணிநேரத்தில் இருக்கிறார். அவரைப் பற்றி ஒரு மீம்கூட வரவில்லை. 90 மணிநேரம் உழைக்கும் அந்த அதிகாரியின் சட்டையைத் துவைக்கும், கழிப்பறையைக் கழுவும் பெண்ணின் நேரம் அந்தத் தொண்ணூறில் சேராது.

அதற்கு முன்பு, அதே 2023இல், ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழி திறக்கும் 65-ஏ பிரிவு. வாரத்துக்கு 48தான், நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வெற்றிதான், கொண்டாடினோம். அந்த வாரம் அக்காவிடம் போனில் சொன்னேன். "பன்னெண்டு மணி நேரம் சட்டமா வரப்போவுதா? இப்ப நாங்க பாக்கறதெல்லாம் என்ன?" என்றாள்.

அவள் இப்போது திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. அங்கே அதற்குப் பன்னிரண்டு மணிநேரம் என்று பெயரில்லை, 'ஒன்றரை ஷிப்ட்'.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி கூடும், முதலாளிக்கும் லாபம் என்று வாதாடலாம். தரவு நம் பக்கம் இருக்கிறது, பேச்சுவார்த்தை மேசையில் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நாளைக்கே பன்னிரண்டாவது மணிநேரத்திலும் பெட்டி நிறையாத ஓர் இயந்திரம் வரலாம். களைப்பே தெரியாமல் நிற்க வைக்கும் ஏதோ ஒன்று வரலாம். அப்போதும் அக்கா எட்டு மணிநேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு அவள் எந்தத் திறனையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்துக்கு அவளை அழைத்திருந்தேன். லோடு கிளம்புகிற நாள், வர முடியாது என்றாள். என்ன பேசப் போகிறாய் என்று கேட்டாள். பிரிட்டிஷ் பெண்களின் கணக்கைச் சொன்னேன், 56க்கும் 70க்கும் வேறுபாடு இல்லை என்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அவளுவளுக்கும் கை போவலையா?" என்றாள்.

போகவில்லை என்றேன்.